உலை அணைந்தும் சுழன்ற ஜெனரேட்டர்

ஜெர்மனியின் ரைன் ஆற்றங்கரையில் பிப்லிஸ் என்றொரு சிற்றூர். 1974-இல் அங்கே ஓடத் தொடங்கிய அணு உலையை 2011 மார்ச்சில் நிறுத்தினார்கள். ஜப்பானில் ஃபுகுஷிமா விபத்து நடந்து சில நாள்களே ஆகியிருந்தன. அந்த ஆண்டில் மட்டும் ஜெர்மனி தன் 17 உலைகளில் எட்டை மூடியது.

பிப்லிஸில் அதன்பின் நடந்ததுதான் விந்தை. உலை அணைந்துவிட்டது; நீராவி இல்லை; டர்பைனுக்கு வேலை இல்லை. ஆனால் 2012-இல் ஜெனரேட்டரை மட்டும் மறுபடி சுழலவிட்டார்கள். மின்சாரம் தரவேண்டிய இயந்திரம், வெளியிலிருந்து கொஞ்சம் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சுழன்றது.

எதற்காக? கம்பியில் வருவது மாறுதிசை மின்னோட்டம். அது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. அந்த அலைவோடு மோட்டாரின் கம்பிச்சுருளிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் காந்தப்புலம் எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. எழும்போது ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. அடங்கும்போது அப்படியே திருப்பித் தந்துவிடுகிறது. செலவே இல்லை, வெறும் கைமாற்று. பொறியாளர்கள் இதை ரியாக்டிவ் பவர் என்பார்கள். கைமாற்றுக்குப் பக்கத்து வீட்டுக்குத்தான் போக முடியும், அடுத்த மாவட்டத்துக்கு அல்ல. இந்த ஆற்றலும் நீண்ட கம்பிகளில் வெகுதூரம் போகாது. அருகில் கொடுப்பாரில்லை என்றால் மின்னழுத்தம் சரியத் தொடங்கும். தென் ஜெர்மனியின் தொழிற்சாலைகளுக்கு அதுவரை கேட்டபோதெல்லாம் கொடுத்துவந்தவை அணுமின் நிலையங்களின் பெரிய ஜெனரேட்டர்கள். அவை ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டபோது, பிப்லிஸின் இயந்திரம் இந்த ஒரு வேலைக்காகவே திரும்ப அழைக்கப்பட்டது.

அணு உலைகளை மூடும்போது எத்தனை யூனிட் மின்சாரம் குறைகிறது, அதை எதிலிருந்து எடுப்பது என்று கணக்கிட்டால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அந்தக் கணக்கை ஜெர்மனி பெருமளவு நேர்செய்துவிட்டது. 2010-இல் அந்நாட்டு மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அணுவிலிருந்து வந்தது. கடைசி மூன்று உலைகள் 2023 ஏப்ரல் 15 அன்று நின்றன, ஊர் இருளவில்லை. அந்த ஆண்டு நாட்டின் மின் நுகர்வில் பாதிக்கு மேல் காற்று, சூரியன் போன்ற புதுப்பிக்கத்தக்க வழிகளில் கிடைத்தது.

ஆனால் காற்று பலமாக அடிப்பது வடகடல் பக்கம்; பெரிய ஆலைகள் பல இருப்பது தெற்கே. இரண்டையும் இணைக்க சூட்லிங்க் என்ற சுமார் 700 கிலோமீட்டர் மின்தடத்தைத் திட்டமிட்டார்கள். கோபுரங்கள் வேண்டாம் என்று ஊர்கள் எதிர்த்ததால் கேபிளை மண்ணுக்கடியில் புதைக்க முடிவானது. 2022-இல் முடியவேண்டிய வேலை 2028-க்குத் தள்ளிப்போயிற்று. உலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட, கம்பி பின்தங்கிவிட்டது. குளிர்காலத்தில் வெயிலும் காற்றும் சேர்ந்து மறையும் நாள்கள் வேறு உண்டு. அப்போது நிலக்கரியும் எரிவாயுவும்தான் கைகொடுக்கின்றன. அணு உலைகளை மூடிவிட்டு, மிக அதிகமாகக் கரியமில வாயுவைக் கக்கும் பழுப்பு நிலக்கரியைத் தொடர்ந்து எரித்த அந்த வரிசை எனக்கு இன்றும் வருத்தமாகவே இருக்கிறது.

அணுவைப் பற்றிய அச்சம் பொய் என்று இதற்குப் பொருளில்லை. சங்கிலி வினையை நிறுத்திய கணத்திலும், முழுவீச்சில் ஓடியபோது எழுந்த வெப்பத்தில் 6 முதல் 7 சதவீதம் எரிபொருளில் எழுந்துகொண்டே இருக்கும். அந்த எரிபொருளைக் குளிர்விக்க முடியாமல் போனதுதான் ஃபுகுஷிமா.

ரைன் கரையிலேயே ஃபிலிப்ஸ்பர்க்கில் இன்னோர் அணுமின் நிலையம் இருந்தது. அதன் இரண்டு குளிர்விப்புக் கோபுரங்களை 2020 மே 14 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். வடக்கே ஓஸ்டராத்திலிருந்து 340 கிலோமீட்டர் கடந்து வரும் நேர்திசை மின்சாரத்தை மாறுதிசையாக்கும் நிலையத்துக்கு அந்த இடம் தேவைப்பட்டது. அக்கம்பக்கத்துக்குக் கைமாற்றுக் கொடுக்கும் வேலையும் அந்த நிலையத்துக்கு உண்டு. அதை அங்கே மின்னணுச் சாதனங்களே செய்யும், சுழலும் இயந்திரம் எதுவுமில்லாமல்.