சைக்கிளில் ஹப் மோட்டார்: சந்தேகங்களும் விளக்கங்களும்

கையில் இருக்கும் சைக்கிளையே மின் சைக்கிளாக மாற்றும் ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவில் அமைந்த மோட்டார்) கிட்டுகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. வாங்குகிறவர்கள் பேட்டரி எத்தனை கிலோமீட்டர் தாங்கும், வண்டி எவ்வளவு வேகம் போகும் என்றுதான் விசாரிக்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மோட்டாரின் ஆக்சிலை இந்த ஃபிரேம் தாங்குமா?

சாதாரணச் சக்கரத்தைப் போல நட்டை இறுக்கினால் போதாதா?

போதாது. சாதாரணச் சக்கரத்தின் ஆக்சில் பாரத்தை மட்டும் சுமக்கிறது. ஹப் மோட்டாரோ சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது, தன் ஆக்சிலை அதே விசையுடன் பின்னோக்கி முறுக்குகிறது. ஆக்சிலின் இரு பக்கமும் தட்டையாகச் சீவப்பட்டு, பொதுவாக 10 மி.மீ. கனத்தில் இருக்கும். அந்தத் தட்டைப் பகுதி, ஃபிரேமில் ஆக்சில் நுழையும் பிளவான காடிக்குள் உட்கார்ந்துதான் முறுக்கைத் தாங்குகிறது. மோட்டார் 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்தால், காடிச் சுவர்களின் மேல் விழும் அழுத்தம் 400 கிலோ எடைக்கும் அதிகம். சுவர் விரிந்துவிட்டால் ஆக்சில் சுழலும், வயர் அறுபடும். முன் சக்கரமாக இருந்தால் ஃபோர்க்கை விட்டே கழன்றுவிடும்.

முன் சக்கரத்தில் போடுவதா, பின் சக்கரத்திலா?

பின் சக்கரமே பாதுகாப்பானது. அங்கே காடியின் தகடு பொதுவாகக் கனமாக இருக்கும். முன்னால்தான் போட வேண்டும் என்றால் இரும்பு ஃபோர்க் தேவை. இரும்பு வளைந்து எச்சரிக்கும். அலுமினியம் சொல்லாமல் உடையும். சஸ்பென்ஷன் ஃபோர்க்கையும் கார்பன் ஃபோர்க்கையும் தவிர்த்துவிடுங்கள்.

ஆக்சில் காடிக்குள் நுழையவில்லை. அரத்தால் ராவலாமா?

முன் காடி பெரும்பாலும் 9 மி.மீ. அளவில்தான் இருக்கும். இரும்பு ஃபோர்க் என்றால் இரு சுவர்களையும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக ராவி, அடிக்கடி ஆக்சிலை வைத்துப் பாருங்கள். இறுக்கமாக நுழைந்ததும் நிறுத்திவிடுங்கள். தளர்ந்த காடி ஆபத்து. ஆக்சிலை மட்டும் ராவவே கூடாது.

டார்க் ஆர்ம் கட்டாயமா?

கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிலின் தட்டைப் பகுதியைக் கவ்விப் பிடிக்கும் கனத்த இரும்புத் தகடு இது. அதன் மறுமுனையை ஃபோர்க் குழாயிலோ ஃபிரேம் குழாயிலோ கட்டுவதால், முறுக்கு காடியோடு நிற்காமல் நீண்ட கைக்குப் பரவி, குழாயின் மேல் விழும் விசை பல மடங்கு குறைகிறது. தகட்டின் ஓட்டை ஆக்சிலில் ஆட்டமில்லாமல் பொருந்த வேண்டும். சக்திமிக்க மோட்டாருக்கும், மோட்டாரையே பிரேக்காகப் பயன்படுத்தி பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும் வசதி உள்ள மோட்டாருக்கும் இரு பக்கமும் போடுங்கள். அப்படி பிரேக் பிடிக்கும்போது முறுக்கு எதிர்த்திசையில் வந்து நட்டைத் தளர்த்தும்.

பழைய கறுப்பு சைக்கிளில் பொருத்தலாமா?

இரும்பு ஃபிரேம் நல்லதே. சிக்கல் பிரேக்கில் இருக்கிறது. கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் உள்பக்கத்தை அழுத்தும். கிட்டோடு வரும் ரிம்மோ பக்கவாட்டு பிரேக்குக்கோ டிஸ்க்குக்கோ செய்யப்பட்டது. அதில் பழைய கட்டை சரியாகப் படியாது. 28 அங்குலம் என்ற பெயரிலும் 635 மி.மீ., 622 மி.மீ. என இரண்டு ரிம் அளவுகள் உண்டு. டயரில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள். நல்ல பிரேக் போட முடியாத வண்டியில் மோட்டார் வேண்டாம்.

வயர் விஷயத்தில் கவனிக்க வேண்டியது என்ன?

ஆக்சிலிலிருந்து வெளிவரும் வயர் கீழ்நோக்கி இறங்கி, வளைந்து, பிறகு மேலேற வேண்டும். அப்போது மழைநீர் மோட்டாருக்குள் போகாமல் சொட்டிவிடும்.

உரிமம் வேண்டுமா?

இந்தியாவில் 250 வாட்டுக்குக் குறைந்த ஆற்றலும், மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைந்த வேகமும் உள்ள, அங்கீகாரச் சோதனையில் தேறிய மின் சைக்கிள் மோட்டார் வாகனமாகக் கருதப்படாது, அதனால் உரிமம் தேவையில்லை. அதற்கு மேல் சக்தி கூட்டினால் சட்டமும் மாறும், காடியின் மேல் சுமையும் கூடும்.

பொருத்திய பின் என்ன செய்ய வேண்டும்?

முதல் ஓட்டம் முடிந்ததும் நட்டை மீண்டும் இறுக்குங்கள். நட்டிலும் ஃபிரேமிலும் சேர்த்து பெயின்ட்டால் ஒரு கோடு போட்டால், நட்டு நகர்ந்திருப்பது உடனே தெரியும். வாரம் ஒரு முறை அந்தக் கோட்டையும், காடியைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். விரிசல் தெரிந்தால் வெல்டிங் வைத்துச் சமாளிக்காமல் ஃபோர்க்கையோ ஃபிரேமையோ மாற்றுங்கள். பணம் போதவில்லை என்றால் பேட்டரியின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். டார்க் ஆர்மிலும் பிரேக்கிலும் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.