கம்ப்யூட்டர் கண் திறக்கவில்லையா?

ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் பார்த்திருக்கிறீர்களா? அத்தனை பேர் வடம் பிடித்தும் தேர் அசையவில்லை என்றால், "தேரைப் பிரித்துப் போடு" என்று யாராவது சொல்வார்களா? சக்கரத்தடியில் முட்டுக்கட்டை இருக்கிறதா என்றுதான் முதலில் குனிந்து பார்ப்பார்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் நமக்கு அந்த நிதானம் வருவதில்லை. ஒருநாள் காலையில் பொத்தானை அழுத்துகிறோம், ஒளியுமில்லை, ஒலியுமில்லை. மகளின் கல்யாணப் போட்டோக்கள், பையனின் மார்க் ஷீட், சீட்டுக் கணக்கு எல்லாம் அதற்குள்ளே! ரிப்பேர்க்காரர், "ஃபார்மட் பண்ணிவிடலாமா, அம்மா?" என்றதும் பதற்றத்தில் தலையாட்டி விடுகிறோம். சகோதரிகளே, தலையாட்டுவதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு.

முதலில் மின்சாரம். அதே பிளக்கில் மேஜை விளக்கை மாட்டிப் பாருங்கள். விளக்கும் எரியாவிட்டால் குற்றம் கம்ப்யூட்டருடையதல்ல. எரிந்தால், பெட்டியின் பின்புறமுள்ள சிறு சுவிட்சையும் ஒயரையும் கவனியுங்கள். துடைப்பம் பட்டு நழுவியிருக்கலாம். பிறகு ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்து, மறுபடி மாட்டியதும் சில சமயம் சமர்த்தாகக் கிளம்பிவிடும்.

விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு என்றால்? திரைக்குப் போகும் ஒயரை அழுத்தி மாட்டுங்கள். அதற்கும் மசியாமல் 'பீப், பீப்' என்று கத்தினால் பயப்படாதீர்கள். கிளம்புமுன் கம்ப்யூட்டர் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் அதன் முறையீடு. பல சமயம் 'ராம்' என்னும் நினைவுப் பட்டை தளர்ந்திருக்கும். மில்லும் தறியும் நிறைந்த ராஜபாளையத்தில் பஞ்சுத் தூசிக்கும் குறைவில்லையே! பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக் கொண்டு பட்டையைக் கழற்றுங்கள். மெல்லிய பிரஷால் தூசி தட்டி, 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். மின்சாரம் வழங்கும் உள்பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது ஷாக் அடிக்கும்.

தேதி தாறுமாறாகத் தெரிந்தால், உள்ளேயிருக்கும் 3 வோல்ட் பொத்தான் பாட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் 'சி.ஆர். 2032' என்று கேட்டு வாங்கினால் போதும். கம்பெனிப் பெயர் வந்து அதோடு நின்றுவிட்டால், செருகியிருக்கும் பென் டிரைவை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

ஆனால், உள்ளே 'டக்... டக்...' என்று தட்டும் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். அது ஹார்டு டிஸ்கின் வேதனைக் குரல். திரும்பத் திரும்ப முயன்றால் உள்ளதும் போய்விடும்.

பழுது வேறிடத்தில் என்றால் போட்டோக்கள் டிஸ்கில் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பிரதி எடுக்கலாம். புதிய கம்ப்யூட்டர்களில் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதும் உண்டு. அதன் திறவு எண்ணை இப்போதே நோட்டில் குறித்து வையுங்கள். ரிப்பேர்க்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: "முதலில் பிரதி, அப்புறம்தான் ஃபார்மட்!"

நல்ல நாளிலேயே இரண்டு பிரதி எடுத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை. ஒன்று ராஜபாளையத்தில் உங்கள் வீட்டில். மற்றொன்று ஸ்ரீவில்லிபுத்தூர் அக்காள் வீட்டுப் பீரோவில். பால்கோவா வாங்க எப்படியும் போகத்தானே போகிறீர்கள்?