வயிற்றைச் சுருக்கியாச்சு... சாப்பாட்டுத் தட்டை என்ன செய்வது?

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் என்ன சாப்பிடலாம், எப்படிச் சாப்பிடலாம், எப்போது உஷாராக வேண்டும்?

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஊர் திரும்புகிறவருக்கு விருதுநகர் மாவட்டம் கொஞ்சம் சோதனையான இடம்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா, விருதுநகரில் எண்ணெய் பரோட்டா, சாத்தூரில் காராச்சேவு. ராஜபாளையத்தில் இறங்கி, தென்காசி ரோட்டில் சேத்தூர் தாண்டி தேவதானம் போய்ச் சேர்வதற்குள் எத்தனை கடையைக் கடக்க வேண்டும்!

மதுரையிலோ கோவையிலோ ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள் வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வயிறு இப்போது சுமார் 100 முதல் 150 மில்லிதான் கொள்ளும். டீக்கடை கிளாஸ் ஒன்றின் அளவு. ஆனால் வீட்டில் இருப்பது பழைய தட்டு. குக்கரில் வேகிற அரிசியும் பழைய அளவு. "என்னய்யா, ரெண்டு வாயோட எந்திரிச்சுட்ட?" என்று கேட்கும் அத்தையும் அப்படியேதான் இருக்கிறார்.

ஆபரேஷன் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருவதுதான் நீளமானது.

என்ன செய்கிறார்கள்?

இந்தியாவில் அதிகம் நடப்பது 'ஸ்லீவ்' முறை. வயிற்றில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாக விடுகிறார்கள். பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்ற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுக்கப்படும் பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் முதல் சில மாதங்களுக்குப் பசியே பெரிதாகத் தெரியாது. இன்னொன்று 'பைபாஸ்'. வயிற்றின் மேல் பகுதியில் சுமார் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்னப் பை செய்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைப்பார்கள். உணவு வயிற்றின் பெரும்பகுதியையும் குடலின் முதல் பகுதியையும் தொடாமல் போய்விடும்.

அழகுக்காகச் செய்யும் ஆபரேஷன் இது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது போன்றவைதான் இதற்கான முக்கியக் காரணங்கள். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 100 பெண்களில் 40 பேருக்கும், 100 ஆண்களில் 37 பேருக்கும் எடை அளவுக்கு மேல். அவர்களில் ஆபரேஷன் வரை போக வேண்டியவர்கள் ஒரு சிறு பகுதியினர்தான்.

முதல் ஆறு வாரம்

மருத்துவமனைக்கு மருத்துவமனை நாள் கணக்கு கொஞ்சம் மாறும், வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். முதல் ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம்: இளநீர், வடிகட்டிய ரசத் தெளிவு, சூப். பிறகு இரண்டு வாரம் வரை நீர்மோர், பால், பருப்புத் தண்ணி, புரோட்டீன் பவுடர் கலந்த பானம். மூன்றாவது, நான்காவது வாரம் மிக்ஸியில் மைய அரைத்தது. அதன்பின் மசித்த, மென்மையான உணவு. ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் வழக்கமான சாப்பாடு.

தண்ணீர் குடிப்பதே முதல் வாரத்தில் ஒரு வேலை. நாளைக்கு ஒன்றரை லிட்டர் உள்ளே போகணும், ஆனால் மடக்கு மடக்காகத்தான் குடிக்க முடியும். கையில் ஒரு பாட்டிலோடு, பத்து நிமிஷத்துக்கு ஒரு மடக்கு என்று பழகிக்கொள்கிறவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். சாப்பாட்டோடு சேர்த்துத் தண்ணீர் வேண்டாம். அரை மணி நேர இடைவெளி வேண்டும். சோடா, கோலா மாதிரி கேஸ் உள்ள பானங்களும் ஸ்ட்ராவும் கூடாது.

நம்ம ஊர் வழக்கத்தோடு இது இரண்டு இடத்தில் மோதும். ஒன்று, படுக்கை. "பச்ச உடம்பு, எந்திரிக்காத" என்பார்கள். ஆனால் ஆபரேஷன் ஆன அன்றோ மறுநாளோ மருத்துவமனையிலேயே நடக்க வைத்துவிடுகிறார்கள். படுத்தே இருந்தால் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போகலாம். வீட்டுக்கு வந்த பிறகும் காலையும் மாலையும் தெருவில் நடப்பது சிகிச்சையின் ஒரு பகுதி. இன்னொன்று, கஞ்சி. அதற்குத் தனியாகவே ஒரு பகுதி வேண்டும்.

குழைந்த சோறு ஏன் சரிப்பட்டு வராது?

உடம்பு முடியாதவருக்கு கஞ்சியும் குழைய வடித்த சோறும் கொடுத்துத்தான் நமக்குப் பழக்கம். தொண்டையில் சுலபமாக இறங்கும், வயிற்றைத் தொந்தரவு செய்யாது என்ற எண்ணம். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு இந்தக் கணக்கு இரண்டு விதத்தில் தப்பாகிறது.

முதலாவது, குழைந்த சோறும் பரோட்டாவும் புது பிரெட்டும் அந்தச் சின்ன வயிற்றில் ஒட்டி, மாவு உருண்டை மாதிரி திரளும். நெஞ்சுக்குழியில் அடைத்த மாதிரி இருக்கும். வாயில் எச்சில் ஊறி, கடைசியில் வாந்தியில் முடியும். இரண்டாவது, அதில் புரோட்டீன் இல்லாத குறை. 100 கிராம் சோற்றில் இரண்டரை கிராம்தான். ஒரு இட்லியில் ஏறத்தாழ 2 கிராம். இந்த நோயாளிக்கு நாளைக்கு 60 முதல் 80 கிராம் தேவை. டீ கிளாஸ் அளவு வயிற்றை ரசஞ்சோற்றால் நிரப்பிவிட்டால், புரோட்டீனுக்கு இடமே கிடையாது. அப்போது உடம்பு கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைக்கும். எடை மெஷினில் எண் குறையும், சந்தோஷமாகவும் இருக்கும்; ஆனால் மாடிப்படி ஏறினால் கால் நடுங்கும்.

அதனால்தான் உணவியல் நிபுணர்கள் 'முதலில் புரோட்டீன்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தட்டில் முட்டை, மீன், கோழி, பன்னீர், பருப்பு முதலில். அடுத்து காய். சோறு கடைசியில், இடம் இருந்தால். சோற்றைக் குவித்துவிட்டு ஓரத்தில் கூட்டு வைக்கும் நம் தட்டைத் தலைகீழாக்குவது மாதிரி.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் கிடைக்கும். 200 மில்லி பாலிலும் 6 கிராம்தான். 100 கிராம் பன்னீரில் 18 கிராம் வரை, தோல் இல்லாத கோழிக்கறியில் 25 கிராம் வரை உண்டு. முட்டையும் சாப்பிடாத சைவக்காரருக்கு 60 கிராமை எட்டுவது முதல் மாதங்களில் நிஜமாகவே கஷ்டம். பவுடர் இல்லாமல் பெரும்பாலும் முடியாது. சுண்டல் நல்லதுதான், ஆனால் தோலோடு சாப்பிட்டால் ஆரம்பத்தில் வாயுத் தொல்லை. சில மாதம் கழித்து, நன்றாக வேகவைத்து, மசித்துச் சாப்பிடலாம்.

மென்று சாப்பிடுவதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு வாயை 20, 30 தடவை மெல்ல வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 20 நிமிஷமாவது. லஞ்ச் பிரேக்கில் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிஷத்தில் முடிக்கிற ஐடி ஆளுக்கு இதுதான் முதல் பெரிய மாற்றம். எப்போது நிறுத்துவது? நெஞ்சுக்குழியில் லேசான அழுத்தம், சிலருக்கு ஒரு விக்கல், சிலருக்கு மூக்கில் நீர். அந்த இடத்திலேயே எழுந்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரே ஒரு வாய் வைத்தாலும் திரும்பி வந்துவிடும்.

பால்கோவா சாப்பிட்டால் என்ன ஆகும்?

பாலும் சர்க்கரையும் சுண்டியதுதான் பால்கோவா. சாதாரண வயிறு இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு அனுப்பும். பைபாஸ் செய்தவருக்கு அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது. செறிவான சர்க்கரை மொத்தமாகக் குடலில் இறங்க, அதைக் கரைக்க உடம்பு தண்ணீரை அங்கே இழுக்கிறது. சாப்பிட்ட பத்து நிமிஷத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றைப் பிசைவது, வயிற்றுப்போக்கு. இதற்கு 'டம்பிங்' என்று பெயர். ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரலாம், கொஞ்சம் குறைவாக.

இன்னொரு வகை ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். சர்க்கரை சட்டென்று ஏறியதால் இன்சுலின் அதிகமாகச் சுரந்து, ரத்தச் சர்க்கரை தேவைக்குக் கீழே போய்விடும். கை நடுக்கம், மயக்கம். டூவீலர் ஓட்டிக்கொண்டிருந்தால் ஆபத்து.

"கருப்பட்டி உடம்புக்கு நல்லதுதானே, தேன் இயற்கைதானே?" என்று கேட்காத வீடு இல்லை. குடலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ராஜபாளையம் மாம்பழ சீசனிலும் இதே கதைதான்: முழுப் பழம் வேண்டாம், ஜூஸ் வேண்டவே வேண்டாம். ஒரு வருஷம் கழித்து, சாப்பாட்டுக்குப் பின் இரண்டு துண்டு பலருக்கு ஒத்துக்கொள்கிறது.

டம்பிங் பயத்தில் சர்க்கரையை விட்டவர்களும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. காராச்சேவு, மிக்சர், சிப்ஸ், ஐஸ்கிரீம். இவை மெல்ல மெல்லக் கரைந்து இறங்கும். வயிறு நிறைந்த உணர்வே வராது. டிவி முன்னால் ஒரு மணி நேரத்தில் ஒரு பாக்கெட் காலியாகும். ஒன்றரை, இரண்டு வருஷத்துக்குப் பிறகு எடை திரும்ப ஏறுவதற்கு முக்கியமான வழிகளில் இந்தக் கொறிப்பும் ஒன்று.

முடி கொட்டுதே?

மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை கொட்டும். வேகமாக எடை குறைவதன் அதிர்ச்சி அது. பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். புரோட்டீனும் இரும்புச்சத்தும் குறைந்தால் நீடிக்கும்.

வைட்டமின் மாத்திரை வாழ்நாள் முழுக்க. இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று தடுக்கும். இரண்டு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். டீயோடு இரும்பு மாத்திரை போடுவதும் வீண். பி12 விஷயம் ஏமாற்றுக்காரத்தனமானது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் ஒரு வருஷம், இரண்டு வருஷம் வரை எதுவும் தெரியாது. பிறகு பாதம் மரத்துப்போகும், மறதி வரும், "வயசாகுது" என்று விட்டுவிடுவார்கள்.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் குறைந்தது 12 முதல் 18 மாதம் தள்ளிப்போட வேண்டும். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதால், கருத்தடை பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

ஊரில் இருக்கும்போது ஏதாவது ஆனால்?

2024 ஏப்ரலில் புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்குச் சேர்ந்து உயிரிழந்தார். அரசு விசாரணைக் குழு அமைத்தது, அந்த மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அனுபவமுள்ள மையங்களில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுதான். ஆனாலும் எங்கே, யார், எந்த வசதியோடு செய்கிறார்கள் என்று விசாரிக்காமல் போகக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு பயப்பட வேண்டியது தையல் கசிவு. முதல் சில வாரங்களில் காய்ச்சல், ஓயாத வயிற்றுவலி, இடது தோள்வலி, மூச்சுத்திணறல், உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டுவது. இதில் எது வந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. ஒரு பக்கக் கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படித்தான். ராத்திரி பதினொரு மணி என்றாலும் 108-ஐக் கூப்பிடணும்.

இரண்டு நாளுக்கு மேல் வாந்தி நிற்கவில்லை என்றால் இன்னொரு ஆபத்து. வைட்டமின் பி1, அதாவது தயமின், உடம்பில் சில வாரத்துக்கு மட்டுமே இருப்பு இருக்கும். அது தீர்ந்தால் பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். அந்த நேரத்தில் பக்கத்து கிளினிக்கில் "சோர்வா இருக்கு, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று சொன்னால், தயமின் கொடுக்காமல் ஏற்றும் குளுக்கோஸ் மூளைப் பாதிப்பை மோசமாக்கும். எனவே எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமே "எனக்கு இந்த ஆபரேஷன் ஆகியிருக்கு" என்பதாக இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவர் போனிலும்.

மெடிக்கல் ஷாப்பில் "மூட்டுவலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்கண்ணே" என்பதும் இனி கிடையாது. சில வலி மாத்திரைகள், குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, இணைப்பில் புண் உண்டாக்கும். சிகரெட்டும் அப்படியே. மது முன்பைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைப் பழைய அளவிலேயே தொடர்ந்தால் மயங்கி விழ நேரும். டோஸ் குறைப்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஊசி போட்டால் போதாதா?

மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும், வீகோவி ஜூனிலும் இந்தியாவுக்கு வந்த பிறகு எல்லோரும் கேட்கும் கேள்வி. சிலருக்குப் போதும். ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும். மிக அதிக எடை உள்ளவர்களுக்கு ஆபரேஷனின் பலன் இன்னும் கூடுதல்.

காசும் போக்குவரத்தும்

மருத்துவக் காப்பீட்டில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஐஆர்டிஏஐ 2019-ல் வகுத்த பொது விதிப்படி, நோயாளிக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அல்லது 35 அல்லது அதற்கு மேல் இருந்து கூடவே கட்டுக்கடங்காத சர்க்கரை, இதய நோய், தீவிரத் தூக்க மூச்சுத்தடை போன்ற ஏதாவது இருக்க வேண்டும். ஆனால் 2022-ல் சர்வதேச மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. ஆக, டாக்டர் "செய்யலாம்" என்றும் இன்சூரன்ஸ் "முடியாது" என்றும் சொல்ல நிறைய வாய்ப்பு உண்டு. முன் அனுமதியை எழுத்தில் வாங்காமல் அட்மிட் ஆகாதீர்கள். வாழ்நாள் மாத்திரைக்கும் பவுடருக்கும் ஆகும் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுபரிசோதனை பொதுவாக 1, 3, 6, 12-வது மாதங்களில், அதன்பின் வருஷத்துக்கு ஒருமுறை. எடை குறைந்து ஆள் நன்றாக இருக்கும்போது, மதுரைக்கு ஒரு நாள் லீவு போட்டுப் போவது வீண் அலைச்சலாகத் தோன்றும். பலர் இரண்டாம் வருஷத்தோடு போவதை நிறுத்துவது இதனால்தான்; சத்துக்குறைவு தலைகாட்டுவதும் ஏறக்குறைய அப்போதுதான். ரத்தப் பரிசோதனையை ராஜபாளையத்திலேயே கொடுத்து, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, போனில் பேசிக்கொள்ள முடியுமா என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பி12 ஊசியை வாங்கிக்கொண்டு போனால் ஊரிலேயே நர்ஸ் போட்டுவிடுவார். சீட்டு மட்டும் கையில் இருக்கணும்.