அயல்மொழியிற் பாடிய எழுவர்



ஒருவர் தம் தாய்மொழியை விடுத்துப் பிறமொழியிற் பாடுவது உலகிற் புதுமையன்று. ஆயின், அப்பிறமொழி ஒரு காலத்தில் அவர்தம் பாட்டனாரின் நாவை அடக்கிய ஆட்சியாளரின் மொழியாக இருந்தால், அப்பாட்டை நாம் சற்றே நின்று கேட்டல் வேண்டும். 2018ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் யப்பானில் வெளிவந்த 'ஃபேஸ் யுவர்செல்ஃப்' என்னும் இசைத்தொகுப்பு அத்தகையது. பாடியவர்கள் பி. ரி. எஸ். என உலகம் அறிந்த கொரிய இளைஞர் எழுவர்; பாடிய மொழியோ யப்பானிய மொழி. இதன் அருமையை உணர்தற்கு முதலிற் பழைய வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1910 முதல் 1945 வரை கொரியா யப்பானிய ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1938இல் பாடசாலைகளிற் கொரிய மொழி கட்டாய பாடமாக இருந்த நிலை நீங்கிற்று; விரைவில் அது வகுப்பறைகளிலிருந்தே மறைந்தது. 1940இல் மக்கள் தம் பெயர்களையும் யப்பானிய முறைக்கு மாற்றிக்கொள்ளுமாறு நெருக்கப்பட்டனர். 1942இல், கொரியச் சொற்களைத் திரட்டி அகராதி தொகுத்துக்கொண்டிருந்த அறிஞர்கள் சிறைப்பட்டனர். அவர்தம் கையெழுத்துப் படிகளும் பறிபோயின. விடுதலை கிடைத்த 1945ஆம் ஆண்டின் செப்ரெம்பர் மாதத்தில் அப்படிகள் சியோல் நகரப் புகையிரத நிலையப் பண்டசாலையொன்றிற் கண்டெடுக்கப்பட்டன.

இத்தகைய துன்பத்தை அனுபவித்த நாட்டார் யப்பானியப் பாட்டைத் தம் நாட்டிற் புகவிடாது தடுத்ததில் வியப்பில்லை. 1965இல் இரு நாடுகளும் உறவு உடன்படிக்கை செய்துகொண்ட பின்னரும் அத்தடை நீடித்தது. 1998ஆம் ஆண்டு முதலே அது படிப்படியாகத் தளர்ந்தது. யப்பானிய மொழிப் பாடல்கள் அடங்கிய இறுவட்டுக்களைக் கொரியாவில் விற்பதற்கு 2004இலேதான் வழி பிறந்தது. ஆனால், அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 2002இல், போஆ என்னும் கொரியப் பாடகி யப்பானிய மொழியிற் பாடிய தொகுப்பு யப்பானின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றுவிட்டது. அவர் வகுத்த வழியிற் பின்னர் இளைஞர் குழுக்கள் பல சென்றன.

இதற்கு வணிகமும் ஒரு காரணம் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இசை விற்பனையில் அமெரிக்காவுக்கு அடுத்த பெருஞ்சந்தை யப்பான். அந்நாட்டு மக்கள் இன்றும் இறுவட்டுக்களை விரும்பி வாங்குகின்றனர். அவர்தம் மொழியிற் பாடுவோருக்கு அச்சந்தையின் கதவு அகலத் திறக்கும். எனினும், கதவு திறந்தவுடன் உள்ளே புகுந்துவிட முடியுமா? அங்கேதான் மொழியின் நுட்பம் குறுக்கே நிற்கின்றது.

கொரிய மொழிக்கும் யப்பானிய மொழிக்கும் ஒற்றுமை இல்லாமல் இல்லை. தமிழைப் போன்றே அவ்விரண்டிலும் பெயரின் பின் உருபு வரும். வினை வாக்கியத்தின் ஈற்றில் நிற்கும். ஆதலின், பாட்டின் அடியை மொழிபெயர்ப்போர் சொற்களைத் தலைகீழாக மாற்ற வேண்டியதில்லை. இடர்ப்பாடு ஒலியிலேதான் தோன்றுகின்றது.

யப்பானிய மொழியிற் 'கின்' என்றாற் பொன். அதன் முதலெழுத்தைச் 'சங்கு' என்னுஞ் சொல்லிலுள்ள குகரம்போல மெலித்து ஒலித்தால், வெள்ளி என்று பொருள் மாறிவிடும். நாம் சொல்லின் முதலில் வரும் ககரத்தை வன்மையாகவும், மெல்லெழுத்தின் பின் வருவதை மென்மையாகவும் ஒலிக்கின்றோம். கொரியர் வழக்கும் ஏறத்தாழ அத்தகையதே. அந்த மெலிந்த ஒலி அவர்தம் சொன்முதலில் வருவதில்லை. ஆகவே பொன்னையும் வெள்ளியையும் மயங்காது பாடுதற்கு அவருக்குத் தனிப்பயிற்சி வேண்டும். குறில் நெடில் வேறுபாடும் அவ்வாறே. யப்பானியர் 'ஒபசன்' என்றால் அத்தை; 'ஒபாசன்' என்றாற் பாட்டி. சியோல் நகரின் இன்றைய பேச்சிலோ குறில் நெடில் வேறுபாடு பெரிதும் மறைந்துவிட்டது.

மேலும், கொரியச் சொற்கள் பல ஒற்றெழுத்தில் முடிவன. யப்பானியச் சொற்களோ பெரும்பாலும் உயிரொலியில் முடிவன. வசந்த நாள் என்பதைக் கொரியர் 'போம் நால்' என ஈரசையிற் கூறுவர். அதனை யப்பானிய மொழியில் 'ஹரு நோ ஹி' என நான்கு அசையாக நீட்ட வேண்டும். மெட்டு மாறாதிருக்க அசை பெருகினால், சொல்லைக் குறைத்தே ஆகவேண்டும். எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதே மொழிபெயர்ப்போரின் பெருங்கவலை.

நாம் எடுத்துக்கொண்ட தொகுப்பிலுள்ள 12 பகுதிகளில் ஏழு, கொரிய மொழியில் முன்னரே புகழ்பெற்ற பாடல்களின் யப்பானிய வடிவங்கள். 'வசந்த நாள்' என்று பொருள்படும் பெயருடைய பாடலும் அவற்றுள் ஒன்று. எஞ்சியவற்றுள் ஒன்று 'சிக்னல்' என்னும் யப்பானியத் தொலைக்காட்சித் தொடருக்கு முகப்புப் பாடலாயிற்று. அத்தொடரோ 2016இல் வந்த கொரியத் தொடரொன்றின் மறுவடிவம். பாட்டு ஒரு திசையிலும் கதை மறுதிசையிலுமாகக் கடலைக் கடந்து வந்து ஓரிடத்திற் சந்தித்தன எனலாம்.

ஆயினும், பாட்டு வரலாற்றின் கணக்கைத் தீர்த்துவிடாது. அதே 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இவ்வெழுவரும் யப்பானியத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றிற் பாடவிருந்தனர். அது முதல்நாளில் நிறுத்தப்பட்டது. அவருள் ஒருவர் முன்னர் அணிந்திருந்த சட்டையில் கொரிய விடுதலைக் காட்சியுடன் அணுகுண்டின் புகைமண்டலமும் பொறிக்கப்பட்டிருந்ததே காரணம். கொரியருக்கு விடுதலையை நினைவூட்டிய அவ்வாண்டு, யப்பானியருக்கு ஹிரோஷிமாவையும் நாகசாக்கியையும் நினைவூட்டிற்று. அக்குண்டுகளால் மாண்டவருட் கொரியரும் பல்லாயிரவர் என்பதை நாம் மறத்தலாகாது. குழுவின் நிறுவனம் குண்டினாற் பாதிக்கப்பட்டோரிடம் மன்னிப்புக் கேட்டது. நவம்பர் 13ஆம், 14ஆம் திகதிகளில் தோக்கியோவில் ஏற்பாடான இசைவிழா தடையின்றி நடைபெற்றது. இரசிகர்கள் அரங்கை நிறைத்தனர்.

நேயர்களே, பாட்டனார் காலத்தில் யப்பானிய மொழியைப் பேசாவிடின் தண்டனை கிடைத்தது. பேரன் காலத்தில் அவன் தானே விரும்பி அம்மொழியைக் கற்றுப் பாடுகின்றான். பாடி முடித்துத் தன் ஊர் திரும்பித் தன் மொழியிலும் பாடுகின்றான். அவன் மொழியைப் பறிப்பார் இன்று எவரும் இலர். மொழி ஒன்றேதான், வற்புறுத்தலாக வந்தபோது சுமையாயிற்று, விருப்பமாக வந்தபோது கலையாயிற்று. தன் மொழி தன் வீட்டிற் பாதுகாப்பாக இருக்கின்றது என்ற உறுதி உள்ளவனே அயலான் மொழியை அச்சமின்றிப் பாட வல்லவன். அன்று பண்டசாலையில் அந்தக் கையெழுத்துப் படிகளைக் கண்டெடுத்து அகராதியை நிறைவேற்றியவர்கள், இன்றைய பாட்டுக்கும் ஒருவகையில் வழிவகுத்தவர்களே.