மெருகேறும் சிப்பாய்கள்

பொம்மைச் சிப்பாய்களைச் சேகரிக்கும் பழக்கமுள்ள ஒருவருடைய கண்ணாடி அலமாரியின் முன்னால் சற்று நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு, அங்கே அணிவகுத்து நிற்பவர்கள் எல்லோரும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்பது விரைவிலேயே புலப்பட்டுவிடும். ஒரு தட்டில் நிற்பவர்களின் சிவப்புச் சட்டை அப்பொழுதுதான் நீராடி எழுந்ததுபோல் பளபளக்கும். கறுப்பு பூட்ஸில் ஜன்னல் வெளிச்சம் ஒரு புள்ளியாய் நின்று மின்னும். கன்னத்தில் வட்டமாக ஒரு ரோஜாச் சாயம், கண்ணுக்கு ஒரு கறுப்புப் பொட்டு, மீசைக்கு ஒரு கோடு, அவ்வளவுதான் முகம். அடுத்த தட்டில் நிற்பவர்களோ துணியின் ஒவ்வொரு மடிப்பிலும் நிழல் தீட்டப்பெற்று, முழங்கால்வரை புழுதி படிந்து, நெற்றியில் களைப்பின் ரேகைகளோடு, ஒளியை முற்றும் உள்வாங்கிக்கொண்டு மங்கலாக நிற்பார்கள். தனித்தனியே பார்த்தால் இரண்டும் அழகுதான். ஆனால் ஒன்றின் பக்கத்தில் மற்றொன்றை வைத்தவுடனே மங்கலாய் நிற்பவன் காய்ச்சலில் கிடந்து எழுந்தவன்போல் வெளிறித் தோன்றுவான். இந்தப் பொருத்தமின்மையைச் சகிக்க முடியாமல்தான், மங்கல் பூச்சோடு கடையிலிருந்து வரும் சிப்பாய்களுக்குத் தாமே வார்னிஷ் பூசி மெருகேற்றும் வழக்கம் சேகரிப்பாளர்களிடையே தோன்றியது.

இந்த ஆசையின் மூலத்தை அறிய வேண்டுமானால், 1893-ஆம் ஆண்டின் லண்டன் நகருக்குப் போகவேண்டும். அதுவரையில் ஈயச் சிப்பாய்கள் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தன. அவை முழுக் கட்டியாக வார்க்கப்பட்டவையாதலால் உலோகச் செலவும் அதிகம், எடையும் அதிகம். அவ்வாண்டில் வில்லியம் பிரிட்டன் என்பவரின் குடும்பத்தார் ஓர் எளிய உபாயத்தைக் கைக்கொண்டார்கள். உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, அச்சின் சுவரை ஒட்டிய மெல்லிய பகுதி மட்டும் உறைந்ததும், உள்ளே இன்னும் திரவமாய் இருப்பதைச் சிறு துவாரத்தின் வழியாக வெளியே கொட்டிவிட்டால், எஞ்சுவது உள்ளீடற்ற ஒரு சிப்பாய். உலோகம் மிச்சம், விலையும் மலிவு. சுமார் 54 மில்லிமீட்டர் உயரமுள்ள அந்தச் சிப்பாய்கள் சிவப்புக் காகிதம் ஒட்டிய பெட்டிகளில், ரெஜிமென்டின் பெயர் பொறித்த சீட்டோடு, சாமானியர் வீட்டுக் குழந்தைகளின் கைக்கும் எட்டும் பண்டமாயின. அவற்றுக்கு வர்ணம் தீட்டியவர்கள் பெண்கள். தொழிற்சாலையில் அமர்ந்தும், வீடுகளுக்கு எடுத்துச் சென்றும், ஒரு நிறத்தை ஒரே வீச்சில் பூசி அடுத்த சிப்பாயைக் கையில் எடுத்தவர்கள். அவர்கள் உபயோகித்தது பளபளப்பான எனாமல் பெயிண்ட்.

அந்தப் பளபளப்பு அலங்காரத்துக்காக மட்டும் ஏற்பட்டதன்று. பொம்மை என்பது கையாளப்பட வேண்டியது. தரையில் வரிசையாக நிறுத்தப்பட்டு, வீழ்த்தப்பட்டு, மறுபடி நிமிர்த்தப்பட வேண்டியது. நாவலாசிரியர் ஹெச். ஜி. வெல்ஸ் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலில் இத்தகைய சிப்பாய்களைக் கொண்டு ஆடும் யுத்த விளையாட்டுக்கு விதிகளையே வகுத்திருக்கிறார். வில்சுருளால் இயங்கும் பொம்மைப் பீரங்கியிலிருந்து சிறு மரத்துண்டைச் செலுத்தி எதிரியின் படையைச் சாய்ப்பது அதன் பிரதான அங்கம். அப்படி அடிபட்டு உருளும் சிப்பாய்க்கு, வழவழப்பாகவும் கெட்டியாகவும் இறுகிய எனாமல்தான் கவசம். விரல் அழுக்கு அதன்மேல் எளிதில் தங்காது. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் படைகளையெல்லாம் சிறு உருவில் வார்த்த பிரிட்டன் குடும்பத்தாரின் நிறுவனம் இந்தியப் படைகளையும் விட்டுவைக்கவில்லை. வங்காளக் குதிரைப்படையோடு, மதராஸ் காலாட்படையின் சிப்பாய்களும் அந்தச் சிவப்புப் பெட்டிகளில் துப்பாக்கி ஏந்தி நின்றார்கள். அவர்களுடைய தலைப்பாகையும் அதே எனாமலில்தான் மின்னியது.

ஈயத்தின் விஷத்தன்மை பற்றிய கவலையும் சட்டமும் குறுக்கிட்டதால், 1966-இல் அந்த ஈயச் சிப்பாய்களின் உற்பத்தி நின்றது. பிளாஸ்டிக் அதன் இடத்தைப் பிடித்தது. பிறகு வளர்ந்தவர்களுக்கென்றே உலோகச் சிப்பாய்கள் மீண்டும் பிறந்தபோது, அவர்களை வாங்கியவர்கள் குழந்தைகள் அல்லர் என்பதால், அச்சிப்பாய்களுக்கு வேறொரு லட்சியம் ஏற்பட்டது. அதுதான் யதார்த்தம். ஹாங்காங்கைச் சேர்ந்த ‘கிங் அண்ட் கன்ட்ரி’ போன்ற நிறுவனங்களும், பிரிட்டன் குடும்பத்தாரின் பழைய பெயரை இன்று தாங்கி நிற்கும் நிறுவனமும், மங்கல் பூச்சுச் சிப்பாய்களை ஏராளமாக வெளியிட்டு வருகின்றன. இந்த மங்கலுக்குப் பின்னால் ஒரு நியாயமான கணக்கு இருக்கிறது. 54 மில்லிமீட்டர் உருவம் என்பது மனிதனில் ஏறக்குறைய முப்பத்திரண்டில் ஒரு பங்கு. அதை ஒரு மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பது, உயிருள்ள ஒரு சிப்பாயை 32 மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். அத்தனை தூரத்தில் கம்பளிச் சட்டை பளபளப்பதில்லை. ஆகையால் உண்மையைப் பின்பற்ற விரும்பும் ஓவியர், வெயிலும் நிழலும் எப்படி விழுமோ அப்படியே தம் தூரிகையால் எழுதிவிட்டு, மெய்யான வெளிச்சம் தம் வேலையில் தலையிடாதபடி மேற்பரப்பை மங்கலாக்கிவிடுகிறார்.

மங்கலும் பளபளப்பும் எப்படி உண்டாகின்றன என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஏனெனில் அதை அறியாமல் வார்னிஷ் புட்டியைத் திறப்பவர்களே பெரும்பாலும் ஏமாற்றம் அடைகிறார்கள். மங்கல் பெயிண்டிலும் மங்கல் வார்னிஷிலும் சிலிக்கா போன்ற மிக நுண்ணிய துகள்கள் கலந்திருக்கும். காய்ந்தபின் அவை மேற்பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமுமாக ஆக்கிவிடும். பூச்சின்மேல் நேராக விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பங்கு, நிறத்தைத் தொடாமலே மேற்பரப்பிலிருந்து திரும்பிவிடுகிறது. மேற்பரப்பு கரடாக இருந்தால் அந்த வெள்ளை ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறி, நிறத்தின்மேல் மெல்லிய பனித்திரைபோல் படர்கிறது. அதே மேற்பரப்பை வழவழப்பாக்கினால் அந்த ஒளி முழுவதும் ஒரே திசையில் போய்விடும். மின்னும் அந்த ஓரிடத்தைத் தவிர மற்ற இடங்களிலெல்லாம் நிறம் திரை விலகியதுபோல் ஆழ்ந்து தெரியும். ஆற்று மணலில் உலர்ந்து சாம்பல் பூத்துக் கிடக்கும் கூழாங்கல்லை எடுத்துத் தண்ணீரில் நனைத்தவுடனே அதன் செம்மையும் கருமையும் வெளிப்படுகின்றனவே, அதுவேதான் இது. வார்னிஷ் என்பது உலராத ஈரம். ஆகவே மெருகேற்றியதும் சிப்பாய் பளபளப்பதோடு நில்லாமல், அவனுடைய சிவப்பு மேலும் சிவந்தும், கருநீலம் ஏறக்குறைய கறுப்பாகவும் மாறிவிடும். இந்த மாறுதலை எதிர்பார்த்தே வேலையைத் தொடங்க வேண்டும்.

இனி, எவனுக்கு மெருகு தகும், எவனுக்குத் தகாது என்ற கேள்வி. என் திடமான அபிப்பிராயம், அணிவகுப்புக்கு உடுத்தவனுக்குத் தகும், போர்க்களத்தில் நிற்பவனுக்குத் தகாது என்பதே. கரடித்தோல் தொப்பியும் செஞ்சட்டையும் வெள்ளைக் குறுக்கு வாரும் அணிந்த காவற்படை வீரனோ, மார்புக் கவசம் பூண்ட குதிரை வீரனோ, முரசு கொட்டுபவனோ உண்மை வாழ்விலேயே மெருகுக்காகப் பிறந்தவர்கள். அவர்களுடைய பித்தானும் வாரும் தினந்தோறும் துடைத்துத் தேய்க்கப்படுபவை. மெருகு அவர்களுக்கு மேலும் ஓர் அலங்காரமாகவே அமையும். ஆனால் பாலைவனப் புழுதியில் மண்டியிட்டுச் சுடுபவனுக்கும், பதுங்கு குழியில் நனைந்த கோட்டோடு நிற்பவனுக்கும் வார்னிஷ் பூசினால், ஓவியர் மடிப்புகளில் எழுதிய நிழலும், தோளில் எழுதிய வெளிச்சமும் ஒரு பக்கம் இழுக்க, அறை விளக்கின் மெய்யான பிரதிபலிப்பு மறுபக்கம் இழுக்க, சிப்பாய் சர்க்கரைப் பாகில் தோய்த்தவன்போல் ஆகிவிடுவான். புழுதியைக் காட்டுவதற்காகத் தூவப்பட்ட வர்ணப் பொடியோ வார்னிஷ் பட்டதும் கரைந்து மறைந்தே போகும். மங்கல் சிப்பாய் தன்னை ஒரு சிறிய மனிதன் என்கிறான். பளபளக்கும் சிப்பாயோ தன்னை ஒரு பொம்மை என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிக்கொள்கிறான். முன்னவனைப் பின்னவனாக்குவது சாத்தியம். ஆனால் முகத்திலே துயரத்தை எழுதி வைத்திருப்பவனை அப்படி ஆக்குவது கொடுமை.

தகுந்தவனைத் தேர்ந்தெடுத்தபின் முதல் வேலை சுத்தம். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, ஒரு சொட்டு சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் விரல் எண்ணெய் படிந்த இடங்களை ஒற்றியெடுத்து, சோப்பின் சுவடு நீங்க வெறும் நீரால் மறுபடி ஒற்றி, ஒரு நாள் முழுதும் உலரவிட வேண்டும். எண்ணெய் இருக்கும் இடத்தில் வார்னிஷ் பிடிக்காது; சிறு சிறு கண்களாக விலகி நிற்கும். பிறகு சிப்பாயின் பாதபீடத்தை, தேவையானபோது பிரித்தெடுக்கக்கூடிய பசையால், ஒரு தக்கையின்மேலோ பழைய மருந்துப் புட்டியின் மூடிமேலோ ஒட்டிக்கொண்டால், சிப்பாயைத் தொடாமலே எல்லாப் பக்கமும் திருப்பலாம்.

வார்னிஷைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். மரச் சாமான்களுக்குப் பூசும் எண்ணெய் வார்னிஷ் முதலில் அற்புதமாக மின்னும். காலம் செல்லச் செல்ல மஞ்சளாகிவிடும், வெள்ளை வாரும் வெள்ளைக் கால்சட்டையும் பழைய பத்திரிகைக் காகிதத்தின் நிறத்தை அடையும். கடுமையான தின்னர் கலந்த லாக்கர், கீழே உள்ள எனாமலைக் கடித்துச் சுருக்கிவிடக்கூடும். தொழிற்சாலையில் எந்தப் பெயிண்டைப் பூசினார்கள் என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. எனவே ஓவியப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும், நீரில் கரையும் பளபளப்பு அக்ரிலிக் வார்னிஷே எல்லாவற்றிலும் அபாயம் குறைந்தது. அதையும் நேரே முகத்தில் பூசிவிடக்கூடாது. பாதபீடத்தின் அடியில், பெயிண்ட் வழிந்திருக்கும் ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, ஒரு நாள் காத்திருந்து, நிறம் கரைகிறதா, சுருங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

புட்டியைக் குலுக்குவது பலருடைய வழக்கம். குலுக்கினால் காற்றுக் குமிழிகள் புகுந்து, அவை சிப்பாயின் கன்னத்தில் அம்மைத் தழும்புபோல் உறைந்துவிடும். ஆகவே ஒரு குச்சியால் மெதுவாகக் கலக்கினால் போதும். மென்மையான தட்டைத் தூரிகையில் சிறிதளவே எடுத்து, தொப்பியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி, ஒரு பகுதியை முடித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போகவேண்டும். பூசிய இடம் பாதி உலர்ந்த நிலையில் மறுபடி அங்கே தூரிகையைக் கொண்டுபோனால் இழுத்த கோடுகள் நிலைத்துவிடும். விட்டுப்போன இடம் இருந்தால் அது அடுத்த பூச்சில் சரியாகும் என்று பொறுத்திருப்பதே விவேகம். அக்குள், இடுப்பு வாரின் கீழ், துப்பாக்கிக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள சந்து ஆகிய இடங்களில் வார்னிஷ் தேங்கும். அங்கெல்லாம் உலர்ந்த தூரிகையின் நுனியால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். முதற்பூச்சு உலர்ந்ததும் சிப்பாய் திட்டுத் திட்டாக, ஓரிடம் மின்னியும் ஓரிடம் மங்கியும் நிற்பதைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. மங்கல் பரப்பின் பள்ளங்களெல்லாம் முதற்பூச்சைக் குடித்துவிடுவதால் நேர்வது அது. இரண்டாவது பூச்சில் பரப்பு சமமாகும். மூன்றாவதில் பழைய எனாமலின் சாயல் வந்துவிடும். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே ஒரு நாள் இருப்பது உத்தமம். உலரும் நேரத்தில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து மூடிவைத்தால் தூசி ஒட்டாது.

ஸ்பிரே டப்பாவை விரும்புகிறவர்கள் இருபது முதல் முப்பது சென்டிமீட்டர் தூரத்தில், சிப்பாய்க்கு வெளியிலேயே பீய்ச்சத் தொடங்கி, அவனைக் கடந்துசென்று, வெளியிலேயே நிறுத்த வேண்டும். காற்றோட்டமான இடமும் முகமூடியும் அவசியம். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அதைத் தொடவே கூடாது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, வார்னிஷ் பால்போல் வெளுத்துவிடும்.

பாதபீடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இக்காலத்துச் சிப்பாய்கள் பலர் மணலும் புல்லும் பதித்த தரைமேல் நிற்கிறார்கள். அதன்மேல் வார்னிஷ் பட்டால் மழையில் நனைந்த சேறுபோல் இருக்கும். அதை மங்கலாகவே விட்டுவிடலாம். பழைய மரபை முழுதும் பின்பற்ற விரும்புகிறவர்கள், தரையைச் சமப்படுத்தி, பிரிட்டன் நிறுவனத்தின் பழைய சிப்பாய்களுக்கு இருந்ததுபோல் ஒரே பச்சை நிறத்தைப் பூசி, அதற்கும் மெருகு கொடுக்கிறார்கள். கன்னத்தில் அந்த ரோஜா வட்டத்தையும், முதற்பூச்சுக்கு முன்பே, துணிந்து வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அணிவகுப்புச் சிப்பாய்க்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் கண்டவர்கள் அதைக் குறை சொல்லமாட்டார்கள்.

இவ்வளவும் புதிய சிப்பாய்களுக்கு மட்டுமே உரியது. பூசிய வார்னிஷை அடியிலுள்ள வர்ணத்துக்குச் சேதமின்றி எடுப்பது பெரும்பாலும் இயலாது. அதனால் அரிதாகக் கிடைக்கும் சிப்பாய்களை விலக்கி, விலை குறைந்த ஒருவனிடம் முதலில் கைப்பழக்கம் பெறுவது நல்லது. தாத்தாவின் பெட்டியிலிருந்தோ, பழம்பொருள் கடையிலிருந்தோ, 1966-க்கு முற்பட்ட உள்ளீடற்ற ஈயச் சிப்பாய் ஒருவன் உங்கள் கைக்கு வந்து, காலத்தால் அவனுடைய எனாமல் மங்கி, மூக்கின் நுனியில் வர்ணம் உதிர்ந்திருந்தால், தயவுசெய்து வார்னிஷ் புட்டியை மூடிவையுங்கள். எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன் பெயர் தெரியாத ஒரு பெண்ணின் தூரிகை வைத்த வர்ணம் அது. அவனை உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம், தொட்டபின் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். ஓக் மர அலமாரியிலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை வெண்பொடியாக அரித்துவிடுமாதலால், கண்ணாடியும் உலோகமும் கொண்ட பேழையில் நிறுத்தி, மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் துடைத்து வாருங்கள்.