பாரிஷ் கவுன்சிலும் ஊராரின் உரிமைகளும்

இங்கிலாந்தின் உள்ளாட்சி அடுக்கில் கடைசிப் படியில், ஊராருக்கு மிக அருகில் இருப்பது பாரிஷ் கவுன்சில். சிறு நகரங்களில் இதே அமைப்பு டவுன் கவுன்சில் எனப்படும். இரண்டும் சேர்த்து நாடெங்கும் சுமார் 10,000 மன்றங்கள் இயங்குகின்றன. ஒரு காலத்தில் ஊர்ப் பொதுக் காரியங்களைத் தேவாலயத்தின் வெஸ்ட்ரி சபையே கவனித்துவந்தது. 1894ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் சமயக் காரியங்களைத் தேவாலயத்திடமே விட்டுவிட்டு, பொதுக் காரியங்களை ஊரார் தேர்ந்தெடுக்கும் மன்றத்திடம் ஒப்படைத்தது. பெயரில் பாரிஷ் என்று இருந்தாலும், இன்றைய மன்றம் முழுக்க அரசுச் சட்டத்தின் கீழ் இயங்கும் பொது அமைப்பு. எந்தச் சமயத்தவரும் அதில் நிற்கலாம், கேள்வி கேட்கலாம்.

விளையாட்டுத் திடல், இடுகாடு, பேருந்து நிழற்குடை, தெரு பெஞ்சு, ஊர்க்கூடம், காய்கறி பயிரிடச் சிறு துண்டுகளாக வாடகைக்கு விடும் அலாட்மென்ட் நிலம் போன்றவை மன்றத்தின் பொறுப்பில் வருபவை. பெரும்பாலான கிராமப்புறங்களில் சாலைப் பள்ளம் கவுன்டி கவுன்சிலின் வேலை, குப்பை அள்ளுவது மாவட்டக் கவுன்சிலின் வேலை. வீடு கட்ட அனுமதி தருவதும் மறுப்பதும் திட்டமிடல் அதிகாரம் உள்ள மேல் மன்றத்தைச் சேர்ந்தது. பாரிஷ் கவுன்சில் கருத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். புகாரைத் தவறான கதவில் தட்டி மாதங்களை இழப்பவர்கள் ஏராளம் என்பதால் இந்தப் பாகுபாட்டை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

மன்றத்தின் அதிகாரம் சிறியது. ஆனால் அதன்மேல் ஊராருக்குச் சட்டம் தந்திருக்கும் உரிமைகள் சிறியவை அல்ல. சிக்கல் என்னவென்றால், அந்த உரிமைகளில் முக்கியமானவை நாள் குறித்தவை. முடிவு எடுக்கப்படுவதற்கு முன்போ, குறிப்பிட்ட சில வாரங்களுக்குள்ளோ பயன்படுத்தினால்தான் அவற்றுக்கு வலிமை. காலம் கடந்தபின் முறையிடப் போனால் கேட்பதற்கு அநேகமாக ஆளில்லை.

எல்லாம் தொடங்குவது ஊர் நடுவில் நிற்கும் அறிவிப்புப் பலகையில். 1972ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி, மன்றக் கூட்டத்தின் இடமும் நேரமும் மூன்று முழு நாள்கள் முன்பே எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டப்பட வேண்டும். ஒட்டிய நாளும் கூட்ட நாளும் கணக்கில் வராது. ஞாயிறும் பொது விடுமுறையும் வராது. திங்கட்கிழமை மாலை கூட்டம் என்றால் வியாழன், வெள்ளி, சனி மூன்றும்தான் முழு நாள்கள். ஆகவே புதன்கிழமைக்குள் தாள் பலகையில் இருந்தாக வேண்டும். உறுப்பினர்களுக்குப் போகும் அழைப்பில் பேசப்போகும் பொருள்கள் குறிக்கப்பட வேண்டும். அந்த நிரலில் இல்லாத ஒன்றைப் பற்றி மன்றம் சட்டப்படி முடிவெடுக்க முடியாது. 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பில் கடைசி ஐந்து நிமிடத்தில் பணம் ஒதுக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால், அந்த முடிவு செல்லாது என்று வாதிடலாம். 'திடல் பற்றி விவாதம்' என்று மொட்டையாக எழுதிவிட்டு, திடலின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விடத் தீர்மானிப்பதும் இதே குறைக்கு உட்பட்டது. எனவே நிரலைப் படிக்கும்போது என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் கூட்டத்துக்கு முன்பே மன்றத்தின் கிளார்க்குக்கு எழுதிக் கேட்பது நல்லது. கிளார்க் மன்றத்தின் சம்பள ஊழியர். தலைவருக்குத் தனிப்பட்ட உதவியாளர் அல்ல.

கூட்டத்துக்குள் போய் உட்கார 1960ஆம் ஆண்டுச் சட்டம் பொதுமக்களுக்கு உரிமை தருகிறது. ஊழியர் விவகாரம், பேரத்தில் இருக்கும் ஒப்பந்தம் போன்ற இரகசியப் பொருள் வரும்போது மட்டும், காரணம் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றி அவர்களை வெளியேற்றலாம். 2014 முதல் கூட்டத்தைப் படம்பிடிக்கவும் ஒலிப்பதிவு செய்யவும் நடக்கும்போதே செய்தி அனுப்பவும் உரிமை உண்டு. பேசும் உரிமை மட்டும் சட்டத்தில் இல்லை. பெரும்பாலான மன்றங்கள் தங்கள் நிலை விதிகளில் பொதுமக்கள் பேசச் சில நிமிடம் ஒதுக்குகின்றன. அந்த நேரம் கூட்டத்தின் தொடக்கத்திலேயே வந்துபோய்விடுவது வழக்கம். தாமதமாக வருபவருக்கு அந்த வாய்ப்பும் இல்லாமல் போகும்.

பணத்துக்கு வந்தால் நாள் கணக்கு இன்னும் கடுமையாகிறது. பாரிஷ் கவுன்சிலின் முக்கிய வருமானம் பிரிசெப்ட் எனப்படும் வரிப்பங்கு. ஆண்டுக்கு இவ்வளவு வேண்டும் என்று மன்றம் தீர்மானிக்க, மேல் மன்றம் அதை வீட்டுக்கு வீடு வரும் கவுன்சில் வரியோடு சேர்த்து வசூலித்துக் கொடுக்கிறது. உதாரணத்துக்கு, மன்றம் 24,000 பவுண்டு கேட்கிறது, வீட்டு மதிப்பை வைத்து வகுத்த வரிப் படிகளில் ஒன்றான டி பேண்ட் கணக்கில் ஊரில் 400 வீடுகள் என்றால் அந்த பேண்ட் வீட்டுக்கு ஆண்டுக்கு 60 பவுண்டு விழும். பெரிய மன்றங்கள் குறிப்பிட்ட விழுக்காட்டுக்கு மேல் வரியை உயர்த்த வேண்டுமானால் மக்கள் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். பாரிஷ் கவுன்சில்களுக்கு அந்த உச்சவரம்பு இதுவரை விதிக்கப்படவில்லை. ஒரே ஆண்டில் பிரிசெப்டை இரண்டு மடங்காக்கினாலும் தடுக்கச் சட்ட வரம்பு கிடையாது. வரிச்சீட்டு வீட்டுக்கு வருவது மார்ச் வாக்கில். அதைப் பார்த்துவிட்டுக் கோபப்படுவதில் பயனில்லை. பட்ஜெட் அதற்கு முந்தைய நவம்பர் முதல் ஜனவரிக்குள் நடந்த ஏதோ ஒரு கூட்டத்தில் கைதூக்கி முடிந்திருக்கும். அந்தக் கூட்டத்துக்குப் போவதுதான் உரிமையைப் பயன்படுத்துவது.

செலவான பணத்தைக் கேள்வி கேட்கத் தனி வாசல் உண்டு. ஊரார் அதிகம் அறியாத, ஆனால் மிகக் கூர்மையான உரிமை இதுவே. நிதியாண்டு மார்ச் 31இல் முடிந்தபின், மன்றம் தன் கணக்கை 30 வேலை நாள்கள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைக்க வேண்டும். அந்த 30 நாளில் ஜூலையின் முதல் 10 வேலை நாள்கள் கட்டாயம் அடங்க வேண்டும். 2014ஆம் ஆண்டு உள்ளாட்சித் தணிக்கைச் சட்டப்படி, கணக்கோடு தொடர்புள்ள எவரும் பேரேடு, பில், வவுச்சர், ஒப்பந்தம், ரசீது எல்லாவற்றையும் பார்த்து நகல் எடுக்கலாம். செய்தியாளர்களுக்கும் 2017 முதல் இந்த உரிமை உண்டு. ஊழியர்களின் தனிப்பட்ட விவரம் போன்ற சிலவற்றை மட்டும் மறைக்கலாம். 

என்ன பார்ப்பது? திடலில் புல் வெட்டும் செலவை எடுத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் பல இடங்களில் விலை கேட்க வேண்டும் என்று மன்றத்தின் நிதி விதிகளில் இருக்கும். ஒரே ஒப்பந்ததாரரின் பில்கள் அந்தத் தொகைக்குச் சற்றுக் கீழே, அடுத்தடுத்த வாரங்களில் துண்டு துண்டாக வந்திருக்கின்றனவா? ஒவ்வொரு பில்லுக்கும் பணம் தர ஒப்புதல் அளித்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு இருக்கிறதா? வங்கி அறிக்கையில் உள்ள மீதியும் பேரேட்டில் உள்ள மீதியும் ஒத்துப்போகின்றனவா, ஒப்பிட்டதாகக் கையெழுத்திட்டவர் யார்? ஒரு காலத்தில் ஒவ்வொரு காசோலையிலும் இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும் என்று சட்டமே சொன்னது. 2014இல் அந்த விதி நீக்கப்பட்டது. இப்போது பாதுகாப்பு ஏற்பாட்டை மன்றமே வகுத்துக்கொள்ள வேண்டும். இணைய வங்கியின் கடவுச்சொல் ஒரே ஒருவரிடம் இருக்கும் மன்றம் எவ்வளவு நேர்மையானவர்களால் ஆனதாக இருந்தாலும் ஆபத்தில் இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டுவது யாரையும் திருடர் என்று சொல்வதாகாது. பொதுப் பணத்தைக் கையாளும் அந்த ஒருவரைப் பழியிலிருந்து காப்பதும் அந்தக் கேள்விதான்.

பாரிஷின் வாக்காளர் பட்டியலில் உள்ளவர் இன்னும் ஒரு படி மேலே போகலாம். அதே 30 நாளுக்குள் வெளித் தணிக்கையாளரிடம் கணக்கைப் பற்றிக் கேள்வி கேட்கலாம். ஒரு செலவு சட்டவிரோதமானது என்றோ, பொதுநலன் கருதி அறிக்கை வெளியிடத் தக்கது என்றோ எழுத்தில் ஆட்சேபம் தரலாம். அதன் நகல் மன்றத்துக்கும் போக வேண்டும். ஆட்சேபத்தை ஆராயும் செலவு மன்றத்தின் தலையில், அதாவது ஊராரின் வரியில்தான் விழும். ஆகவே சான்றுத்தாள் கையில் இருக்கும்போது மட்டும் இந்த ஆயுதத்தை எடுப்பது முறை. ஆண்டு வரவும் செலவும் 25,000 பவுண்டுக்கு மேற்படாத சிறு மன்றங்கள் வெளித் தணிக்கைப் பரிசீலனையிலிருந்து விலக்குப் பெறலாம். ஆனால் கணக்கைத் திறந்து காட்டும் கடமையிலிருந்து விலக்கு இல்லை. 100 பவுண்டுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவையும் இவை இணையத்தில் வெளியிடவும், நடவடிக்கைக் குறிப்பின் வரைவைக் கூட்டம் நடந்த ஒரு மாதத்துக்குள் போடவும் வேண்டும்.

கவுன்சில் கூட்டம் வேறு, பாரிஷ் கூட்டம் வேறு. இரண்டாவதில் வாக்காளர்களே உறுப்பினர்கள். பேசவும் வாக்களிக்கவும் அவர்களுக்கு முழு உரிமை. மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் இடையில் ஒருமுறை இது கூட வேண்டும். மாலை 6 மணிக்கு முன் தொடங்கக் கூடாது, வேலைக்குப் போய் வருபவர்களும் வர வேண்டும் என்பதற்காக. அவசரம் என்றால் ஆறு வாக்காளர்கள் கையெழுத்திட்டு, ஏழு முழு நாள் அறிவிப்புக் கொடுத்து, தாங்களே கூட்டத்தைக் கூட்டலாம். கவுன்சிலின் அனுமதி தேவையில்லை. கூட்டத்தில் பத்துப் பேரோ, வந்திருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கினரோ, இவற்றில் எது குறைவோ அத்தனை பேர் கேட்டால் ஊர் முழுவதற்குமான வாக்கெடுப்பு நடத்த வேண்டும். 1987ஆம் ஆண்டு விதிகளின்படி அது மாலை 4 முதல் 9 வரை மட்டும் நடக்கும். தபால் வாக்கு கிடையாது. அதன் முடிவு கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது, செலவோ பாரிஷையே சேரும். ஊரின் மனநிலையை எண்ணிக்கையில் காட்டுவது தவிர அதற்குச் சட்ட வலு இல்லை என்பதை அறிந்தே கேட்க வேண்டும்.

தாள்கள் வேண்டுமென்றால் நாள் குறிக்காத உரிமையும் ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டம் மிகச் சிறிய பாரிஷ் கவுன்சிலுக்கும் பொருந்தும். மின்னஞ்சலில் கேட்டாலும் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 20 வேலை நாளுக்குள் பதில் வர வேண்டும். மறுத்தால் மறுபரிசீலனை கேட்டு, பின் தகவல் ஆணையர் அலுவலகத்துக்குக் கட்டணமின்றிப் போகலாம்.

சிற்றூரில் எல்லோரும் ஒருவருக்கொருவர் ஏதோ ஒரு வகையில் வேண்டியவர்கள். அதனால் நலன் முரண் மிக எளிதில் நுழைகிறது. 2011ஆம் ஆண்டு உள்ளூர்மயச் சட்டப்படி, உறுப்பினர் பதவியேற்ற 28 நாளுக்குள் தன் தொழில், நிலம், ஒப்பந்தம், பங்குகளைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். கணவன் அல்லது மனைவியின் நலன்களும் அதில் சேரும். பதிவேட்டை யாரும் பார்க்கலாம். தன் பண நலன் சம்பந்தப்பட்ட பொருளில் சிறப்பு அனுமதியின்றி விவாதித்தாலோ வாக்களித்தாலோ அது கிரிமினல் குற்றம். அபராதத்தோடு ஐந்து ஆண்டு வரை தகுதி நீக்கமும் வரலாம். வீட்டுமனைகள் பற்றிய நிரல் ஒட்டப்பட்டதும் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது வீண் சந்தேகத்தையும் தீர்க்கும், உண்மையான முரணையும் நேரத்தோடு வெளிக்கொணரும்.

ஏச்சு, மிரட்டல் போன்ற நடத்தைக் குறைகளுக்கு மேல் மன்றத்தின் கண்காணிப்பு அலுவலரிடம் புகார் தரலாம். ஆனால் 2011 சட்டத்தின் கீழ் கண்டனம், பயிற்சி, குழுவிலிருந்து விலக்கல் அளவோடு நடவடிக்கை நின்றுவிடுகிறது. உறுப்பினரை இடைநீக்கம் செய்யும் அதிகாரம் அந்தச் சட்டத்தில் இல்லை. செஷயரில் உள்ள ஹேண்ட்ஃபோர்த் பாரிஷ் கவுன்சிலின் குழுக் கூட்டம் 2020 டிசம்பரில் ஜூமில் நடந்தபோது உறுப்பினர்கள் கூச்சலிட்ட காணொளி 2021 பிப்ரவரியில் உலகெங்கும் பரவியது. அதன்மேல் வந்த நடத்தைப் புகார்களை விசாரிக்க மேல் மன்றத்துக்கு 80,000 பவுண்டுக்கு மேல் செலவாயிற்று. பலரும் அந்தக் காணொளியைச் சிரித்துக் கடந்தார்கள். அந்த ஊராருக்கு அது தங்கள் திடலையும் தெருவையும் பற்றிய கூட்டம்.

இங்கிலாந்தின் உள்ளாட்சி ஆம்பட்ஸ்மன் பாரிஷ் கவுன்சில் மீதான புகாரை விசாரிப்பதில்லை. வேல்ஸில் இதற்கு இணையான கம்யூனிட்டி கவுன்சில் மீது அந்நாட்டு ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். எல்லைக்கு இப்பால் அந்த வழி அடைபட்டிருக்கிறது. மிஞ்சுவது மன்றத்தின் சொந்தப் புகார் முறையும், உயர் நீதிமன்றத்தின் நீதிப் புனராய்வும். பின்னதற்குத் தாமதமின்றி, எப்படியும் மூன்று மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும்; தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் தலையில் விழக்கூடும். மன்ற அமைப்பே சரியில்லை, கலைக்க வேண்டும் அல்லது எல்லையை மாற்ற வேண்டும் என்றால் மேல் மன்றத்திடம் சமூக ஆளுகை மறுஆய்வு கோரி மனுக் கொடுக்கலாம். 500 முதல் 2,500 வாக்காளர் உள்ள பகுதிக்கு 187 கையெழுத்து போதும்.

ஆளை மாற்றுவதற்கு வழி தேர்தல். பல பாரிஷ்களில் இடங்களை விடப் போட்டியாளர்கள் குறைவு. நிற்பவர் போட்டியின்றி வந்துவிடுகிறார். இடையில் காலியிடம் விழுந்தால் அதற்கும் பலகையில் அறிவிப்பு ஒட்டப்படும். 14 வேலை நாளுக்குள் பத்து வாக்காளர்கள் எழுதிக் கேட்டால் இடைத்தேர்தல் நடக்கும். கேட்காவிட்டால் மன்றமே தனக்குப் பிடித்த ஒருவரை நியமித்துக்கொள்ளும். இங்கிலாந்துக் கிராமங்களில் குடியேறியிருக்கும் தமிழர்களுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை காமன்வெல்த் நாடுகள் என்பதால், அவற்றின் குடியுரிமையோடு சட்டப்படி தங்கியிருக்கும் 18 வயது நிறைந்தவர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்து இந்தத் தேர்தல்களில் வாக்களிக்கலாம். பிரிட்டிஷ் குடியுரிமைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நிரந்தரமாகத் தங்கும் அனுமதி உள்ளவர், அந்த பாரிஷின் வாக்காளராகவோ, ஓராண்டாக அங்கேயோ மூன்று மைல் சுற்றளவிலோ வசிப்பவராகவோ இருந்தால், வேட்பாளராகவும் நிற்கலாம்.