உங்களுக்குத் தெரியுமா? தூண்டிலுக்கு மீன் சினை!
பெருங்குடிப் பக்கம் மீனில் சினை இருந்தால் நேராக வறுவல்தான். தூண்டிலுக்கு மைதா உருண்டையோ மண்புழுவோ போதும். வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலோ சால்மன் சினையே பேர்போன இரை. சினைப்பையை உதிர்க்காமல் கட்டைவிரல் அளவுக்கு நறுக்கி, உப்பும் சர்க்கரையும் தூவி, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைப்பார்கள். உப்பு நீரை இழுத்துவிடுவதால் முட்டை இறுகி முள்ளில் தாங்கும். உதிரி முட்டையென்றால் மெல்லிய வலைத்துணியில் முடிச்சாகக் கட்டுவார்கள். சிலர் வெண்காரமும் சேர்ப்பதுண்டு. வெண்காரம் கலந்த கிண்ணத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கவே கூடாது! சினையிலிருந்து தண்ணீரில் கசியும் அமினோ அமிலங்களின் வாடைக்குத்தான் மீன் வருகிறது.

முட்டை விஷயத்தில் நம்மூர் ஜிலேபி மீன் தனி ரகம். 1952இல் இந்தியாவுக்கு வந்த மொசாம்பிக் ஜிலேபியில், தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்தே அடைகாக்கும். அந்த நாட்களில் அது பெரும்பாலும் இரை எடுப்பதில்லை.